மருதாணி மேல் போட்ட பழி

ஆண்பிள்ளைகளுக்கு அழகில் அக்கறை கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெண்கள் எல்லோர் முன்னிலையிலும் கண்ணாடி பார்க்கிறார்கள். நாம் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம். அதிலும் கலியாணம் நிச்சயமான ஆண்பிள்ளையின் கையில் கண்ணாடியைக் கொடுப்பது குரங்கு கையில் பூமாலை கொடுத்த கதைதான். (இந்தக் கதையில் குரங்கு யார் என்று தேடிச் சிரமப்பட வேண்டாம்.)

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குச் சொந்த ஊர் காயல்பட்டணம். வேலை தூத்துக்குடித் துறைமுகத்தில், கொழும்புக்குத் தோணி விடும் ஒரு முதலாளியிடம். சரக்கு ஏறுவதையும் இறங்குவதையும் வெயிலில் நின்று பார்த்து, கூலியாட்களைச் சத்தம் போட்டு, அவர்களிடம் பதிலுக்கு வாங்கிக் கட்டிக்கொள்வது என் உத்தியோகம். வயது இருபத்தாறு. பெண் வீட்டில் இருபத்துநாலு என்று உம்மா சொல்லியிருந்தாள். தாயின் வாக்கைப் பொய்யாக்குவது பாவம் என்று நானும் இருபத்துநாலிலேயே நின்றுகொண்டேன்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மற்ற ஊர்களில் கலியாணம் ஆனதும் பெண், மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். மாமியார் கண்ணெதிரே தினமும் பொழுது விடிவதும் அடைவதும் மாப்பிள்ளைக்குத்தான். நடை, உடை, தின்கிற தீனி, தும்மல், குறட்டை அத்தனைக்கும் மார்க்கு உண்டு. ஆகவே எங்கள் ஊரில் கலியாணத்துக்கு முன் பரீட்சைப் பயம் பெண்ணுக்கு அல்ல.

எனக்குப் பேசியிருந்த பெண்ணின் பெயர் சுலைஹா. அவள் வாப்பாவுக்குக் கொழும்பில் ரத்தினக் கல் வியாபாரம். யுத்த காலத்தில் கடல் தாண்டி வருவதென்றால் லேசா? எங்கெங்கோ அலைந்து பாஸ் வாங்கி, மகள் கலியாணத்துக்கென்று வந்திருந்தார். கலியாணம் முடிந்த கையோடு அவர் திரும்பித் தோணி ஏறியாக வேண்டும். தேதியைத் தள்ளிப்போட்டால் அடுத்த தடவை எப்போது வருவார் என்பது அவருக்கும் தெரியாது, கடலுக்கு அப்பால் இருந்து எங்களைப் பயமுறுத்திக்கொண்டிருந்த ஜப்பான்காரனுக்கும் தெரியாது.

இந்த நேரம் பார்த்துத்தான் என் தாடியில் நரை இருப்பது என் கண்ணில் பட்டது. இடது கன்னத்தில், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலைத் துடைத்துவிட்ட மாதிரி ஒரு கொத்து. பிடுங்கிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர்தான் வந்தது, நரை போகவில்லை.

என் கூட வேலை பார்த்தவன் சூசை. கடற்கரைத் தெருப் பையன், என் வயதுதான். உலகத்தில் எந்தச் சாமான் கேட்டாலும் ஏதாவது ஒரு கப்பல் சமையல்காரனிடமிருந்து வாங்கி வந்துவிடுவான். என் கவலையைக் கேட்டுவிட்டு அன்று சாயங்காலமே ஒரு சின்ன டின்னைக் கொண்டுவந்து கையில் வைத்தான். உள்ளே கறுப்புப் பொடி. வெள்ளைக்காரத் துரைமார் தலைக்குப் போடும் சாயமாம்.

"ஏலே மீரான், இதத் தண்ணியில கொளச்சுத் தடவு. ஒன் மாமியா ஒன்னயப் பாத்துட்டு, மாப்பிள்ளைக்கு இன்னும் மீச மொளைக்கலியான்னு கேப்பா பாரு" என்றான்.

எனக்கு ஆசை பொங்கிற்று. ஆனால் அதில் ஒரு சங்கடம். தாடிக்கு மருதாணி போடுவது எங்களுக்குச் சுன்னத்தான காரியம், நபிகள் காட்டிய வழி, புண்ணியம். கறுப்புச் சாயம் போடுவதோ மார்க்கம் படித்த ஆலிம்சாக்கள் முகம் சுளிக்கிற காரியம். சரி, புண்ணியத்தைத் தேடி வெறும் மருதாணி போடலாமென்றால் தாடி செக்கச்செவேல் என்று ஆகிவிடும். செந்தாடி வைத்தவர்கள் எங்கள் தெருவில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் ஹஜ்ஜுக்குப் போய்வந்து, பேரன் பேத்தி எடுத்து, பல்லும் போனவர்கள். அந்த வரிசையில் நாலாவதாக மாப்பிள்ளை ஊர்வலம் போக எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களில்தான் எனக்குப் பெரிய பெரிய நஷ்டங்கள் வந்திருக்கின்றன.) மருதாணியை அரைத்து அதில் கறுப்புப் பொடியைக் கலந்துவிட்டால்? கேட்டால் மருதாணி என்று சொல்லலாம், பொய்யில்லை. பார்த்தால் கறுப்பாக இருக்கும், குறையில்லை. இம்மையும் கெடாது, மறுமையும் கெடாது. இப்படியொரு யோசனை இத்தனை காலமும் எந்த ஆலிமுக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

டின்னின் மேல் இங்கிலீஷில் பொடி எழுத்தில் என்னவோ அச்சடித்திருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவன், எழுத்துக்கூட்டி வாசித்தேன். முதலில் கையில் துளி தடவி, ஒரு நாள் வைத்துப் பார்த்து, ஒன்றும் ஆகாவிட்டால் மட்டும் உபயோகிக்க வேண்டும் என்று இருந்தது. சூசையிடம் கேட்டேன்.

"அது அவனுவளுக்கு எழுதினதுலே. வெள்ளத் தோலு, பூ மாதிரி. நம்ம தோலு என்ன, உப்புக் காத்துலயும் வெயில்லயும் காஞ்ச கருவாடு. இதுக்கு எதுக்குலே பரீட்ச?" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

ஊருக்குப் போய், உடம்பு சூடாக இருக்கிறது என்று உம்மாவிடம் சொல்லி மருதாணி அரைத்து வாங்கினேன். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பொடியோடு கலந்து, நரைத்த இடத்தில் மட்டும் பூசினேன். அற்புதம்! கன்னம் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. மறுநாள் அந்த இடம் கொஞ்சம் அரித்தது. வேர்க்குரு என்று நினைத்துச் சந்தனம் தடவினேன். அதுதான் எனக்குக் கிடைத்த எச்சரிக்கை என்று அப்போது தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு ஒரே இடம் மட்டும் அதிகக் கறுப்பாகவும் மற்ற இடம் சாதாரணக் கறுப்பாகவும் தெரிவதாக எனக்குப் பட்டது. கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு தாடி முழுக்கப் பூசினேன். மீசைக்குப் பூசினேன். புருவத்தை மட்டும் விட்டால் கோபித்துக்கொள்ளுமே என்று அதற்கும் இழுத்தேன். நன்றாக ஊறட்டும் என்று அப்படியே படுத்துத் தூங்கிவிட்டு, பிறகு எழுந்து கழுவினேன். கண்ணாடியில் தெரிந்தவனை எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் எனக்கு விழிப்பு வந்தது, விழி வரவில்லை. ஒரு கண் திறக்கவே இல்லை. இன்னொன்று ஊசி நுழைகிற அளவுக்குத் திறந்தது. உதட்டைத் தொட்டால் உதடு எனக்கு முன்னால் எங்கேயோ நின்றது. தாடிக்குள் பூராவும் கொப்புளம், நீர் வடிகிறது, நெருப்பை அள்ளிக் கொட்டினது போல எரிச்சல். சுவரைத் தடவிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனேன்.

உம்மா திரும்பிப் பார்த்து, "யாரு அது வீட்டுக்குள்ள?" என்று அகப்பையை ஓங்கினாள். நான் வாயைத் திறந்து "உம்மா" என்றேன். குரலைக் கேட்டதும் அகப்பை கீழே விழுந்தது. "யா அல்லாஹ்! எம் புள்ளைக்கி என்ன முசீபத்து இது! என்னத்தடா போட்டே?"

"மருதாணி" என்றேன்.

அது பாதி உண்மை. முழுப் பொய்யைவிடப் பாதி உண்மைக்குக் கால் அதிகம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். மத்தியான லுஹர் தொழுகைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, மருதாணி விஷமாகிவிட்டது என்று. காரணம் சொல்லாத ஆள் இல்லை. இந்த வருஷம் காற்று சரியில்லை என்றார்கள். மருதாணிச் செடியில் பாம்பு ஊர்ந்திருக்கும் என்றார்கள். ஜப்பான்காரன் ஆகாயக் கப்பலில் வந்து செடிகள் மேல் பொடி தூவிவிட்டுப் போயிருக்கிறான் என்பதுதான் கடைசியில் வென்றது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் மருதாணிச் செடியை வேரோடு வெட்டிப் போட்டார்கள். ஜப்பான் மீது அன்று எங்கள் ஊர் யுத்தப் பிரகடனம் செய்துவிட்டது என்று சொல்லலாம்.

இதெல்லாம் சிரிப்பதற்கு. சிரிக்க முடியாத காரியம் பெண் வீட்டில் நடந்தது. என் அக்கா, மரியம் லாத்தா, மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள். அவள் வாயில் சர்க்கரை தடவிப் பேசத் தெரியாது.

"அங்க மணப்பொண்ணுக்கு மருதாணி போட இலை அரைச்சு ரெடியா வச்சிருந்தாங்க. உன் கதையக் கேட்டுட்டு மாமி அம்புட்டையும் குப்பையில கொட்டச் சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணு வெறுங்கையோட உக்காந்திருக்கு. அது கெடக்கட்டும், அவ சாச்சா, அதான் அவ வாப்பாவோட தம்பி, என்ன சொல்லுறாருன்னு தெரியுமா? மருதாணி போட்டு எவனுக்காவது மூஞ்சி வீங்குமா, இது துறைமுகத்துல ஊரு மேஞ்சு வாங்கிட்டு வந்த வியாதின்னு சொல்லுறாரு. டாக்டரைக் கூட்டிட்டு வாராராம். அவரு சரியில்லைன்னு சொல்லிட்டா கலியாணம் இல்லையாம்."

எனக்கு அந்த ஒற்றைக் கண்ணும் இருட்டிவிட்டது. துறைமுக வியாதி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெயர் ஒருவனுக்கு ஒட்டிவிட்டால் காயல்பட்டணத்தில் மட்டுமல்ல, கொழும்பு வரை பெண் கிடைக்காது. உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றால், என் வாப்பா ஐந்து வேளையும் தொழுகிறவர், ஆலிம்சாக்களோடு சமமாக உட்காருகிறவர். மகன் கறுப்புச் சாயத்தை மருதாணிக்குள் ஒளித்துச் சுன்னத்து என்று பேர் வைத்தான் என்றால் பள்ளிவாசலில் அவர் எப்படித் தலை நிமிர்வார்? நான் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன்.

லாத்தா போர்வையைப் பிடுங்கினாள். "இன்னும் கேளு. நான் கெளம்பும்போது அந்தப் பொண்ணு என்னைய உள் ரூமுக்குக் கூப்பிட்டு, இடது கைய விரிச்சுக் காட்டுனா. மாதுளம்பழம் மாதிரி செவந்திருக்கு. கொட்டப் போன மருதாணியில ஒரு உருண்டைய மறைச்சு எடுத்து, முதல்ல முழங்கை மடிப்புல கொஞ்சம் வச்சுப் பாத்திருக்கா. ஒண்ணும் ஆகலைன்னதும் உள்ளங்கை முழுக்க வச்சிருக்கா. என்ன சொன்னா தெரியுமா? 'லாத்தா, இது எங்க வீட்டு முற்றத்துச் செடி. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து போடுறேன். அது மேல பழி போடாதீங்க. உங்க தம்பி அதுகூட என்ன சேத்தாருன்னு கேளுங்க. சபையில உள்ளதச் சொன்னா எனக்கு இந்தக் கலியாணம் சம்மதம். செடி மேல பழியப் போட்டுட்டுத் தப்பிக்கிற ஆளுன்னா, நாளைக்கி என் மேலயும் போடுவாரு. எனக்கு வேண்டாம்.' இப்பச் சொல்லு, என்னத்தச் சேத்தே?"

இவ்வளவு தெளிவாகப் பேசுகிற ஒருத்தியை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. முகத்தின் எரிச்சலையும் மீறி அந்த நிமிஷமே அவள் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. அவளை இழந்துவிடுவேனோ என்று முதல் தடவையாக நிஜமாகவே பயந்தேன். அதுவரை பயந்ததெல்லாம் மானம் போவதற்குத்தான்.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு, பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்துக்கென்று கரியில் ஓடவைத்த ஒரு காரில் டாக்டர் வந்து இறங்கினார், தூத்துக்குடியிலிருந்து. கூடவே சுலைஹாவின் வாப்பாவும் சாச்சாவும். கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். திரைக்குப் பின்னால் இரண்டு வீட்டுப் பெண்களும் நிற்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. டாக்டர் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன போட்டீங்க?" என்று கேட்டார்.

நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். உதடு இரண்டும் பணியாரம் மாதிரி இருந்ததால் வார்த்தை வெளியே வரும்போது களியாகிவிட்டது. "என்ன சொல்லுறான்?" என்றார் என் வாப்பா. மறுபடி சொன்னேன். "சத்தமாச் சொல்லுடா, ஒரு எழவும் விளங்கல!" என்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்: "தாடி நரைச்சிருச்சு! மருதாணியில கறுப்புச் சாயம் கலந்து போட்டேன்! வயசு இருபத்தாறு!"

வயதை யாரும் கேட்கவில்லை. பயத்தில் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. திரைக்குப் பின்னால் உம்மா, "அட பாவி!" என்பது கேட்டது.

என் வாப்பா என்னைப் பார்க்கவில்லை, பாயைப் பார்த்தார். சாச்சா மட்டும் அசையவில்லை. "கேட்டீங்களா? வியாதிய மறைக்கிறதுக்குச் சாயம்னு புதுக்கதை விடுறான். அந்தச் சாயம் எங்கன இருக்கு? காட்டச் சொல்லுங்க" என்றார். நியாயமான கேள்வி. ஊருக்குக் கிளம்பும்போதே எனக்கு வேண்டிய பொடியை மட்டும் பொட்டலமாக எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த டின்னை நான் சூசையிடமே திருப்பிக் கொடுத்திருந்தேன்.

இந்த இடத்தில்தான் என் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாகச் சூசை சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தான். கலியாணத்துக்கென்று புது வேட்டி கட்டி, தலையைப் படிய வாரி, வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தான்.

"ஏலே மாப்பிள்ள! மிச்சப் பொடியக் கொண்டாந்துட்டேன்லே! நாளைக்கு ஊர்கோலத்துக்கு முன்னால இன்னொரு பூச்சு போட்டிரு, பளபளன்னு இருக்கும்!"

கூடத்துக்குள் காலை வைத்தவன் என் முகத்தைப் பார்த்தான். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, "யேசுவே! இது யாரு?" என்றான்.

டாக்டர் அவன் கையிலிருந்த டின்னை வாங்கி வாசித்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"இதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்புறம்?"

"வெள்ளைக்காரனுக்கு எழுதினதுன்னு நினைச்சேன்."

சுலைஹாவின் வாப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்குவது என் ஒற்றைக் கண்ணுக்கும் தெரிந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. சாச்சாவைப் பார்த்து, "இது தொத்து வியாதியும் இல்லை, நீங்க நினைக்கிற வியாதியும் இல்லை. சாயம் ஒத்துக்காம வந்த கொப்புளம்" என்றார். பிறகு திரைப் பக்கம் திரும்பி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்: "மருதாணிச் செடியை யாரும் வெட்டாதீங்க. வெறும் இலையை அரைச்சுப் போட்டா பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. ஒருத்தர் ரெண்டு பேருக்கு அதுவும் ஒத்துக்காமப் போகும், அதனால முதல்ல கொஞ்சமா வச்சுப் பாத்துட்டுப் போடுங்க. பச்சைப் பிள்ளைகளுக்கு வேண்டாம். மருதாணி செவப்பாத்தான் பிடிக்கும். கன்னங்கரேல்னு பிடிச்சா அதுல வேற எதையோ கலந்திருக்குன்னு அர்த்தம்."

திரைக்குப் பின்னால் வளையல்கள் ஒரே நேரத்தில் கலகலத்தன. என் வருங்கால மாமி யாரையோ வீட்டுக்கு ஓடி அம்மியைக் கழுவச் சொல்வது கேட்டது.

எனக்கு டாக்டர் சொன்ன வைத்தியம் வேறு. சாயம் ஏறிய முடி ஒன்றுகூட முகத்தில் இருக்கக் கூடாது. நாவிதரை வரவழைத்துத் தாடி, மீசை எல்லாவற்றையும் மழித்தார்கள். புருவத்தைக்கூட விடவில்லை. அதன்மேல் வெள்ளை வெளேரென்று ஒரு மருந்தை அப்பினார்கள். அது காய்ந்ததும் பெருநாளைக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டேன். ஒரு கொத்து வெள்ளையை மறைக்கப் போய் முகம் முழுக்க வெள்ளையோடு மறுநாள் மாப்பிள்ளை ஊர்வலம் போனேன். தலையிலிருந்து மல்லிகைச் சரங்களை வழக்கத்தைவிட நெருக்கமாகத் தொங்கவிட்டார்கள். வழி தெரியாமல் இரண்டு இடத்தில் சாக்கடையில் கால் வைத்தேன். நிக்காஹ்வில் ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் வார்த்தையை வீங்கின உதட்டோடு சொன்னேன். நிக்காஹ் நடத்திவைத்த கத்தீபுக்குத் திருப்தி வரவில்லை, திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். இத்தனை தடவை சம்மதம் சொல்லி மணம் முடித்தவன் எங்கள் ஊரில் நான்தான்.

எல்லாம் முடிந்து அறைக்குள் விட்டார்கள். சுலைஹா எழுந்து வந்து பூச்சரங்களை விலக்கினாள். இடது கை ஆழச் சிவப்பு; வலது கை அவசரத்தில் போட்ட மருதாணியில் இளஞ்சிவப்பு. புருவமில்லாத, வெள்ளையடித்த முகத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். ஓடிப்போகாமல் நிற்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கியது. கலங்கினால் மருந்து கரையும் என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

"நரை எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"அது எனக்குத் தெரியும். உங்க வாப்பாகூட எங்க வீட்டுக்கு வந்தீங்களே, அன்னைக்கே ஜன்னல் வழியாப் பாத்துட்டேன். வேற ரெண்டு எடத்துலயும் கேட்டு வந்திருந்தாங்க. எல்லாம் விளையாட்டுப் பையங்க மாதிரி இருந்தாங்க. உங்க நரையப் பாத்துத்தான் சரின்னு சொன்னேன். நரை இருக்கு, ஆளுக்கு விவரம் இருக்கும்னு நினைச்சேன்."

நான் அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று இன்றைக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். உதடு வீங்கியிருந்தது என்று சமாளித்துவருகிறேன்.

புருவம் வளர்ந்தது. தாடியும் வளர்ந்தது, நரையோடு. அதன்பிறகு அதை நான் தொடவில்லை. ஆனால் அந்த அறையில் அவள் சொன்னதை லாத்தா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டாள். லாத்தா கேட்டால் ஊர் கேட்ட மாதிரி. எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்தாலும் இன்றுவரை ஒரு முறை மாறுவதில்லை. குலம், தொழில், வருமானம், தொழுகை எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, திரைக்குப் பின்னாலிருந்து யாராவது ஒருத்தி, "அதெல்லாம் இருக்கட்டும், விவரம் இருக்கா, இல்ல நரை மட்டும்தானா?" என்று கேட்பாள். வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்காது. எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.